திண்டிக்கு முந்திய சாம்பு

சாம்புவுக்குக் கோபமே வராது என்பதை விசாலாக்ஷி கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். அப்போது அது பெரிய அதிர்ஷ்டமாகத் தெரிந்தது. மைசூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்த மாமனார் வீடு அதிரக் கத்துகிறவர். அவருக்கு இப்படி ஒரு பிள்ளையா என்று பார்த்தவர்களெல்லாம் ஆச்சரியப்பட்டார்கள். கோபம் வராத புருஷனோடு குடித்தனம் பண்ணுவதில் உள்ள கஷ்டம் போகப் போகத்தான் தெரிந்தது. வீட்டுக்குத் தேவையான கோபம் முழுவதையும் அவள் ஒருத்தியே படவேண்டியிருந்தது.

ஆட்டோக்காரர் ஊரைச் சுற்றிக்கொண்டு போனால், "பாவம், புதுசு போலிருக்கு, வழி தெரியலை" என்பார் சாம்பு. வாங்கின தேங்காய் அழுகியிருந்தால், "அவனென்ன உள்ளே பூந்தா பார்த்தான்?" என்பார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் மேலே போய்விட்டார்கள். இவர் ஒவ்வொருவருக்கும் மாலை வாங்கிக்கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்.

மைசூர் குவெம்பு நகரில் அவர்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டில் இரண்டு வருஷமாக ஒரு தொல்லை. மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து இவர்கள் சமையலறைக்குள், அதுவும் சரியாக அடுப்புக்கு நேர்மேலே, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேல்வீட்டுக்காரர் நஞ்சுண்டசாமி, அபார்ட்மென்ட் அசோசியேஷனின் தலைவர். ரிடையரான பொதுப்பணித்துறை இன்ஜினியர். தான் கட்டாத கட்டிடம் எதுவும் ஒழுகும் என்பதும், தன் பாத்ரூம் மட்டும் ஒழுகாது என்பதும் அவருடைய கட்சி. சாம்புவைப் பலதடவை மேலே அனுப்பிப் பார்த்தாள் விசாலாக்ஷி.

"என்ன சொன்னார்?"

"நல்ல காபி கொடுத்தார்."

"லீக்கைப் பத்தி?"

"அவருக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு, விசாலி. முகத்தைப் பார்த்தாலே தெரியறது."

அந்த வருஷம் சாம்பு திடீரென்று பருக்க ஆரம்பித்தார். எந்நேரமும் எதையாவது கொறிக்கவேண்டும் போலிருக்கிறது என்றார். ஆபீஸ் மேஜை டிராயரில் பைலுக்குப் பதில் கோடுபளே முறுக்கும் நிப்பட்டுத் தட்டையும் இருந்தன. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஸ்நேஹா தீபாவளிக்கு வந்தவள், "அப்பா, சட்டை பட்டன் தெறிச்சு யார் கண்லயாவது படப்போறது" என்று சொல்லிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தாள். காபியில் சர்க்கரையை நிறுத்தினாள். சாம்பு சரி என்றார். அவர் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை?

அதற்கப்புறம் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அசோசியேஷனின் பொதுக்குழுக் கூட்டம். அன்றைக்கென்று காலையிலேயே கரண்ட் போய்விட்டது. மிக்ஸி ஓடவில்லை, சட்னி இல்லை, திண்டி தாமதம். இந்த ஊரில் காலை டிபனுக்குத் திண்டி என்றுதான் பெயர். "வந்து சாப்ட்டுக்கறேன்" என்று சாம்பு வெறும் வயிற்றோடு கீழே இறங்கினார். விசாலாக்ஷியும் கூடப் போனாள்.

கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நஞ்சுண்டசாமி எழுந்து கனைத்துக்கொண்டு, போன கூட்டத்தின் நடவடிக்கைகளை நிதானமாகப் படிக்க ஆரம்பித்தார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"படிக்காதே. ஒருத்தரும் கேக்கலை."

விசாலாக்ஷி யாரென்று திரும்பிப் பார்த்தாள். பேசியது அவள் புருஷன்.

சாம்பு எழுந்து நின்றிருந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "ஏனோ நஞ்சுண்டா" என்று கன்னடத்தில் தொடங்கினார். அந்தக் கட்டிடத்தில் நஞ்சுண்டசாமியை 'என்னடா' என்று கேட்க அவருடைய அம்மா ஒருத்திக்குத்தான் உரிமை இருந்தது. அந்த அம்மாளும் எங்கோ ஹனூரில் இருந்தாள். "வர்ற விருந்தாளி வண்டி நிறுத்தற இடத்திலே உன் காரைப் போர்வை போத்தித் தூங்கவச்சிருக்கியே, விருந்தாளி எங்கேடா நிறுத்துவான்? உன் தலையிலா?"

யாரோ கைதட்டினார்கள். சாம்பு கைதட்டியவர் பக்கம் திரும்பினார். கீழ்வீட்டு தீபா அவர் கண்ணில் பட்டாள். தினமும் காலையில் பாட்டுச் சாதகம் பண்ணுகிறவள். "நீ ஒண்ணு பாடறதை நிறுத்து, இல்லே ஆரம்பி. இப்போ பண்றது ரெண்டுமில்லே."

பிறகு எதையோ யோசிக்கிறவர் மாதிரி நின்றார். கால் லேசாகத் தள்ளாடியது. பக்கத்திலிருந்தவர் அவரை உட்காரவைத்து, கூட்டத்துக்காக வாங்கிவைத்திருந்த தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தார். அதைத் தின்றார். இன்னொன்றும் தின்றார். சற்று நேரம் கழித்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மீட்டிங் இன்னும் ஆரம்பிக்கலியா?" என்றார் மிகவும் மரியாதையாக.

கூட்டம் சிரித்த சிரிப்பில் தெருநாய் எழுந்து ஓடிவிட்டது. என்ன நையாண்டி, என்ன நையாண்டி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் நஞ்சுண்டசாமியின் கார் இடம் மாறிவிட்டது. மறுநாள் காலை கீழ்வீட்டில் பாட்டு கேட்கவில்லை.

"என்ன பேச்சு பேசினேள்!" என்று விசாலாக்ஷி அன்றைக்குச் சூடாக நெய் தோசை வார்த்தாள். "எல்லாத்தையும் சொன்னேள், நம்ம லீக்கை மட்டும் விட்டுட்டேளே."

"நான் என்ன சொன்னேன்?" என்றார் சாம்பு. அவள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஆபீசிலும் நடந்தது. ஒருநாள் திண்டி சாப்பிடாமல் போன சாம்பு, மேனேஜரிடம், "உங்களுக்கு வேலை தெரியாதுங்கறது உங்களுக்குத் தெரியுமா, இல்லே அதுவும் தெரியாதா?" என்று கேட்டாராம். அதன்பிறகு மேனேஜர் அவரைக் கண்டால் எழுந்து நிற்கிறாராம். "ஏன் எழுந்துக்கறார்னே புரியலை, விசாலி. மூலம் கீலம் இருக்குமோ?" என்று சாம்பு கவலைப்பட்டார்.

பிறகு ஒருநாள் அவளுக்கே கிடைத்தது. விடிந்தும் விடியாமலும் சமையலறையில் வந்து நின்றவர், பனியனைத் திருப்பிப் போட்டிருந்தார். ஃபிரிட்ஜையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கண்ணா போன் பண்ணினா நீ மொதல்ல அழுதுடறே. அப்புறந்தான் என்ன விஷயம்னே கேக்கறே" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. கண்ணீரே வந்துவிட்டது. சொன்னது நிஜமாக இருந்ததுதான் காரணம். அவர் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. டிசம்பர் மாசத்துக் குளிரில் இதென்ன வேர்வை என்று, கூடையிலிருந்த நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழத்தை எடுத்துக் கையில் திணித்தாள். தின்று முடித்துக் கொஞ்ச நேரத்தில், "நல்ல பழம். இன்னிக்கு என்ன திண்டி?" என்றார் பழைய சாம்பு.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. புருஷன் இரண்டு பேர். திண்டிக்கு முந்தியவர் ஒருவர், பிந்தியவர் ஒருவர். நடுவில் ஒரு வாழைப்பழம். டாக்டரிடம் காட்டவேண்டும் என்று அவளுக்கு உடனே தோன்றாமல் இல்லை. பசித்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது என்று அந்த எண்ணத்தை அடக்கிவிட்டாள். அடுப்புக்கு மேலே சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் வேறு ஒரு எண்ணத்தைக் கொடுத்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை, "மாவு இன்னும் பொங்கலை, திண்டிக்கு நாழியாகும்" என்று ஒரு பொய் சொன்னாள். பொங்கிய மாவு பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அவள் அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். சாம்பு ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது எட்டிப் பார்த்தாள். ஒருதடவை பார்த்தபோது பேப்பர் தலைகீழாக இருந்தது.

"ஏன்னா, மேலே போய் அந்த லீக்கைக் கேட்டுட்டு வாங்கோளேன்."

சாம்பு எழுந்து போனார். அவள் மாடிப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். முதலில் நஞ்சுண்டசாமியின் குரல். "பன்னி ஸார், குத்கொள்ளி" என்று கன்னடத்தில் வரவேற்று உட்காரச் சொன்னார். பிறகு அவரே லீக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தண்ணீர் எந்தத் திசையில் ஓடும் என்பதைப் பற்றி ஒரு பாடம் நடந்தது. சாம்புவின் பதிலுக்காகக் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து அது வந்தது.

"நீ யாரு?"

அந்தக் குரல் அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டிரண்டு படியாக ஏறினாள். அதற்குள் ஏதோ விழுந்த சத்தமும் நஞ்சுண்டசாமியின் அலறலும் கேட்டன. உள்ளே சாம்பு சோபாவுக்குக் கீழே கிடந்தார். கைகால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. கண் மேலே செருகியிருந்தது.

நஞ்சுண்டசாமி பதற்றத்தில் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். வலிப்புக்கு இரும்பு கொடுக்கவேண்டும் என்று, கையில் கிடைத்த சாவிக்கொத்தைச் சாம்புவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். சாம்பு அதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். வலிப்பு சற்று அடங்கியதும், ஆஸ்பத்திரிக்குப் போக நஞ்சுண்டசாமி கார் சாவியைத் தேட ஆரம்பித்தார். டி.வி.க்கு மேலே தேடினார். செருப்பு ஸ்டாண்டில் தேடினார். பூஜை அறையில் தேடினார். "கீ எல்லி, கீ எல்லி" என்று அவர் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓட, விசாலாக்ஷிதான் சாம்புவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்து நீட்டினாள். காரில் போகும் வழியெல்லாம், பொங்கிய மாவின் மேல் தான் போட்ட அந்தத் துணிதான் அவள் கண் முன்னால் நின்றது.

பக்கத்து நர்சிங் ஹோமில் வந்ததும் வராததுமாக ஒரு டிரிப் ஏற்றினார்கள். பாட்டில் கால்வாசி இறங்குவதற்குள் சாம்பு கண்ணைத் திறந்து, "நஞ்சுண்டசாமி ஸார், எப்படி இருக்கேள்? உங்க வீட்டுலே யாருக்கு உடம்பு?" என்று விசாரித்தார். அது காக்காய் வலிப்பாக இருக்கும் என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பியல் டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

டாக்டர் அனுப்ரியா கோயம்புத்தூர்க்காரர், மைசூருக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஸ்கேன் எடுத்தார், தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார். எல்லாவற்றையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்க மூளையில ஒண்ணுமே இல்லைங்க" என்றார்.

கூட வந்திருந்த நஞ்சுண்டசாமிக்குத் தமிழ் புரியும். இந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பை அடக்கக் கஷ்டமாக இருந்தது.

"ஏனுங்க, இது மாதிரி முன்னால ஏதாவது ஆச்சா? வித்தியாசமா நடந்துக்கறது, பேசறது, அப்புறம் மறந்து போறது?" என்று டாக்டர் விசாலாக்ஷியைக் கேட்டார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மீட்டிங், மேனேஜர், திருப்பிப் போட்ட பனியன், வேர்வை, வாழைப்பழம். சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். ஸ்நேஹா பெங்களூரிலிருந்து ஓடிவந்து பக்கத்தில் நின்றிருந்தாள். நஞ்சுண்டசாமியும் நின்றிருந்தார். இருந்தாலும் சொல்லிவிட்டாள்.

"அன்னிக்கு நான்தான் வேணும்னே திண்டியை லேட் பண்ணினேன், டாக்டர். இவரைச் சண்டை போட அனுப்பணும்னு."

"அம்மா!" என்றாள் ஸ்நேஹா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நர்சிங் ஹோம்ல ஏத்தினது குளுக்கோஸ்தானுங்களே? பழம் சாப்ட்டாலும் சரியாகுது, குளுக்கோஸ் ஏத்தினாலும் சரியாகுது." சாம்புவைத் திரும்பிப் பார்த்தார். "இவருக்கு மூளையில கோளாறு இல்லீங்க. மூளைக்குச் சாப்பாடு போகலை. மூளைக்குச் சர்க்கரைதான் சோறு. கணையத்துல இருந்து இன்சுலின் சுரக்குது பாருங்க, ரத்தத்துல சர்க்கரை ஏறினா அதை இறக்கறதுக்கு. இவருக்குச் சர்க்கரை ஏறாதப்பவும் அது சுரந்துட்டே இருக்குன்னு நினைக்கறேன். சர்க்கரை ரொம்ப இறங்கினா, யோசிச்சு அடக்கிப் பேசற பகுதிதான் மொதல்ல லீவு போடும். இன்னும் இறங்கினா வலிப்பு."

"அப்போ அவர் பேசினதெல்லாம் வியாதியா, இல்லே நிஜமாவே மனசுலே இருக்கறதா?" என்று கேட்டாள் விசாலாக்ஷி. இரண்டு நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்த கேள்வி.

"அது ஸ்கேன்ல தெரியாதுங்க" என்றார் டாக்டர். "நீங்க பண்ணினதும் ஒரு விதத்துல டெஸ்ட்தான். ஆனா இனிமே வீட்டுல பண்ணாதீங்க. நாங்க இங்க பண்றோம்."

அந்த டெஸ்ட் என்னவென்றால் பட்டினி. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, தண்ணீர் மட்டும் கொடுத்து, அடிக்கடி ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பார்கள். தேவைப்பட்டால் மூன்று நாள் வரை. சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கும் நேரத்தில் ரத்தம் எடுத்து, அப்போதும் இன்சுலின் சுரக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

டெஸ்ட் என்றால் பட்டினி என்று தெரியாத நஞ்சுண்டசாமி முதல்நாள் சாயங்காலமே ஒரு தார் ரசபாளைப் பழத்தோடு வந்து சேர்ந்தார். சாம்புவுக்கு வலிப்பு வந்தது தன்னுடைய தண்ணீர்ப் பாடத்தால்தான் என்ற பயம் அவருக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. நர்ஸ் அந்தத் தாரைப் பிடுங்கித் தன் மேஜைக்கு அடியில் வைத்து, புடவைத் தலைப்பால் போர்த்தாத குறையாக மறைத்துக்கொண்டார். சாம்பு அந்த மேஜையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

மறுநாள் காலையில் ஆரம்பித்தது. முதலில் வேர்வை. நர்ஸ் விரலில் குத்திப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் அனுப்ரியா வந்து கட்டிலருகே நின்றார்.

"உங்க பேரு என்னங்க?"

"கையிலே வச்சிண்டிருக்கிற பேப்பர்லே எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?" என்றார் சாம்பு.

"நூறுல ஏழு போனா எவ்வளவு?"

"எங்கே போச்சு?"

ஸ்நேஹா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் கண்ணில் தண்ணீரும் நின்றது. சாம்பு வாசல் பக்கம் பார்த்தார். "நஞ்சுண்டா, நீ ஏண்டா மூக்கை உறிஞ்சறே? பொண்டாட்டியை விட்டா உனக்கு யாருமே கம்பெனி இல்லேன்னுதானே தலைவரா இருக்கே?" நஞ்சுண்டசாமி கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு சாம்புவின் கண் விசாலாக்ஷியிடம் வந்து நின்றது. இத்தனை பேர் முன்னால் என்ன வரப்போகிறதோ. திண்டியை ஒளித்தவள் என்று சொல்லட்டும், சொன்னால் தாங்கிக்கொள்ளவேண்டியதுதான் என்று நிமிர்ந்து நின்றாள்.

"இவ சாப்பிடலை" என்றார் சாம்பு. நாக்கு குழறியது. "நேத்துலேர்ந்து. கான்டீன்லே சாப்ட்டேன்கறா. பொய். நான் சாப்பிடாம இவ தொடமாட்டா. அழுத்தக்காரி."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அது நிஜம்தான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்த மனுஷன் எப்போது கவனித்தாரோ தெரியாது. அவர் கவனிப்பார் என்றே அவள் இத்தனை வருஷத்தில் நினைத்ததில்லை.

"ரத்தம் எடுத்தாச்சு" என்றார் நர்ஸ். உடனே குளுக்கோஸை ஏற்றினார்கள். ஒரு பக்கம் சாம்புவுக்குக் குளுக்கோஸ் ஏற, மறுபக்கம் நர்ஸ் மேஜைக்கு அடியிலிருந்து பழத்தை எடுத்து விசாலாக்ஷியின் வாயில் திணிக்காத குறையாகக் கொடுத்து, "ஏனம்மா, ஒரு பேஷன்ட் போதாதா?" என்று திட்டினார். டாக்டர் அவளுடைய விரலிலும் குத்திப் பார்க்கச் சொன்னார். அவளுடைய சர்க்கரை கச்சிதமாக இருந்தது.

"பாத்தீங்களா? கணையம் ஒழுங்கா இருந்தா ஒருநாள் பட்டினியெல்லாம் மூளைக்குத் தெரியவே தெரியாதுங்க" என்றார் டாக்டர்.

சாம்பு கண் விழித்து எல்லோருக்கும் தனித்தனியாக நமஸ்காரம் சொன்னார்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கணையத்தின் வால் பக்கத்தில் கொண்டைக்கடலை அளவு ஒரு கட்டி இருந்தது. அதுதான் கேட்பாரில்லாமல் இன்சுலின் சுரந்துகொண்டிருந்தது. ஆபரேஷன் பண்ணி எடுத்தார்கள். புற்று கிற்று எதுவுமில்லை என்று ரிப்போர்ட் வந்த அன்றைக்கு, விசாலாக்ஷி ஆஸ்பத்திரி கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, காபி ஆறிப்போயிருக்கிறது என்று கான்டீன்காரரிடம் சண்டை போட்டாள்.

வீட்டுக்கு வந்து உடம்பு தேறியதும் சாம்பு, "நான் யார் யாரை என்னென்ன சொன்னேன்? மறைக்காம சொல்லு" என்றார். அவள் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. மறுநாளே வீடு வீடாக மன்னிப்புக் கேட்கக் கிளம்பிவிட்டார். கீழ்வீட்டு தீபா மன்னிப்பெல்லாம் வேண்டாம் என்றாள். அவர் சொன்னதைத்தான் அவளுடைய பாட்டு வாத்தியாரும் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதனால் பாட்டை விட்டுவிட்டு வயலின் ஆரம்பித்திருக்கிறாளாம். அது மறுநாள் காலை கட்டிடம் முழுவதற்கும் தெரிந்தது.

மேல்வீட்டுக்குப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. திரும்பியபோது கூடவே நஞ்சுண்டசாமியும் வந்தார். சமையலறைக்குள் வந்து, அடுப்புக்கு மேலே அண்ணாந்து பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு, "தப்பு நம்மதே, மேடம்" என்றார். மறு வாரமே ஆள் வைத்து பாத்ரூம் தரையை உடைத்தார். விசாலாக்ஷிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அன்றைக்குக் கேசரி கிளறி மேலேயும் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் காலை துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனால், அவள் பாத்ரூம் உள்பக்கம் தாழிட்டிருந்தது. ஹாலில் நஞ்சுண்டசாமி தோளில் துண்டோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி.

சமையலறையில் சாம்பு எல்லோருக்கும் காபி கலந்துகொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு இதுக்குச் சரின்னேள்?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாவம் விசாலி, டைல்ஸ் ஒட்டி காயற வரைக்கும் அவா எங்கே போவா?"

"காயறதுக்கு எத்தனை நாளாகுமாம்?"

"அதைக் கேக்கலியே. கேட்டா சங்கடப்படுவாரோன்னு விட்டுட்டேன்."

விசாலாக்ஷி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டை சரியாக இருந்தது. நெற்றியில் வேர்வை இல்லை. வயிறு நிறையத் திண்டி சாப்பிட்டிருந்தார். ஒரு குறையும் சொல்வதற்கில்லை. அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஆனால் வாயைத் திறந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போய், சீக்கிரம் வெளியே வரச்சொல்லிப் பாத்ரூம் கதவைப் படபடவென்று தட்டினாள்.

"அம்மாவ்ரே, பேக பன்னி! வீட்டுக்காரி ஒருத்தி வெளியிலே நிக்கறேன்!"